தபசுகாலத்தில் நிறுத்திய கோப்பி

நெற்றியில் ஈரத் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் பாயில் சுருண்டு கிடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்து இரண்டாம் நாள். கற்பிட்டிக் கரையில் வள்ளங்களெல்லாம் இறங்கிவிட்டன. அவருடையது மட்டும் மணலில் நின்றது. தலை பிளக்கிறது என்றார்.

அது என்னால் வந்தது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மருந்து கொடுக்கிறவர் கோப்பியை விடச் சொன்னார். விடாவிட்டால் இதயம் நெடுநாள் தாங்காதாம். இவரோ கடலுக்குப் போகுமுன் மூன்று கோப்பை, வந்து மூன்று கோப்பை குடிப்பவர். "கோப்பியால இல்லடி, உன்ட பயந்த முகத்தப் பாத்தாத்தான் நெஞ்சடிக்குது" என்று சிரித்தார். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். யார் சொல்வது சரி என்று பார்க்கத் தெரியாது, பயப்பட மட்டும் தெரியும். தபசுகாலத்தில் விருப்பமான ஒன்றை விட்டுவிடுவது எங்கள் சனத்தின் வழக்கம். அந்த நாற்பது நாளும், ஒவ்வொரு வருடமும், வீட்டில் கோப்பி இல்லை என்று மாதாவுக்கு நானே நேர்ந்துவிட்டேன். நேர்த்தி என்றதும் அவர் மறுக்கவில்லை.

தலையிடி வந்ததும், கோப்பியின் நஞ்சு இறங்குகிறது என்று ஆறுதல் பட்டேன். அவருடைய அக்கா, என் மச்சாள், வாசலில் நின்று ஏசினாள்.

"நிப்பாட்டினதாலதான் இடிக்குது. ஒரு வாய் குடு. கோப்பி குடிச்சுச் செத்தவன இந்தக் கரையில ஆரும் புதைக்கல்ல."

கொடுக்கவில்லை. ஒரு கிழமையில் இடி தானாக நின்றது. தபசுகாலம் முடிந்து பாஸ்குத் திருநாள் அன்று அவர் வயிறு நிறையக் கோப்பி குடித்தார், படபடப்பு வரவில்லை. குடிக்காத ஒரு நாளில் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எட்டாவது தபசுகாலத்தில், சண்டையும் முடிந்தபின், அவர் மூச்சு வாங்கிப் படுத்தார். பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னிடம் கேட்டார்: "பிள்ள, ஒரு வாய் கோப்பி தா."

"ரெண்டு நாள்ல பாஸ்கு, பொறுங்கோ" என்றேன். சனிக்கிழமை விடியப் போய்விட்டார்.

இப்போது என்னைப் பார்க்கும் டாக்டர் அளவாகக் குடித்தால் கோப்பி நல்லது என்கிறார். அவருக்கு முன்னிருந்தவர் தொடவே வேண்டாம் என்றவர். இருவருக்கும் தலையாட்டினேன். நான் நிறுத்தியதால் என் வீட்டுக்காரர் எட்டாவது தபசுகாலம் வரை இருந்தாரா, நிறுத்தாமலே அவ்வளவு இருந்திருப்பாரா? அன்று நான் மறுத்தது நெஞ்சுக்காகவா, நேர்த்திக்காகவா?

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அவர் போன அன்று மச்சாள் தன் வீட்டில் கோப்பி போட்டுக் கேத்தலில் கொண்டுவந்து வந்த சனத்துக்கெல்லாம் ஊற்றினாள். என் கையிலும் ஒரு கோப்பையை வைத்தாள். ஏசவில்லை. "குடி" என்றாள்.

குடித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கோப்பியாலா என்று அவளிடம் கேட்கவில்லை.