விழித்திருந்ததற்கு ருசு

இந்தப் பிரெஞ்சுக்காரன் சீமையில் வண்டிமாடு தூங்கிக்கொண்டே நடந்தால் குற்றமில்லை. வண்டிக்காரன் தூங்கினால் குற்றம். இதைப் படித்துவிட்டு ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். பெண்ணையாற்றுக்குத் தெற்கே எந்த வண்டிக்காரன் விழித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்? பாரத்தை இறக்கியதும் வைக்கோலைப் பரப்பித் தலையைச் சாய்த்தால், மாடு வாசலில் வந்து நின்ற பிறகுதானே எழுந்திருப்போம். இங்கேயும் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாயின் கண்ணில் பட்டுவிட்டால் 'புரோசே' என்று ஒரு தாளை எழுதிக் கையில் திணித்துவிடுவான். அதை எடுத்துக்கொண்டு கச்சேரியில் போய்க் கைகட்டி நிற்கவேண்டும். எனக்கும் அந்தத் தாள் வந்தது. நான் தூங்கவில்லை என்பதுதான் கொடுமை.

அன்று கரையாம்புத்தூரில் கரும்பை இறக்கிவிட்டுப் பாகூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். எதிரே நம் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் எனக்கு மாமா முறை; அந்த முறையில் ஊரில் இருபது பேர் உண்டு, யாரென்று எழுதமாட்டேன். என்னைப் பார்த்து எத்தனையோ நாளாகியும் வண்டியை நிறுத்தவில்லை. "உங்கம்மா செத்துப் பூட்டாடா. காரியமும் முடிஞ்சிபோச்சி. உனுக்கு ஆளு அனுப்பக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. நான் சொன்னேன்னு எங்கியும் சொல்லிடாத" என்றபடியே தாண்டிப் போய்விட்டார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். கயிறு கையில்தான் இருந்தது. கூட்டு ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் யாரோ துண்டை இழுத்தார்கள். பார்த்தால் சிப்பாய். "கண்ணு எப்டிச் செவந்து கெடக்கு பாரு. நல்ல தூக்கம்!" என்றான்.

அபராதத்தோடு போகும் என்றால் கட்டிவிட்டு வந்திருப்பேன். கச்சேரி குமாஸ்தா அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சொன்னது வேறு. "நீ இங்கிலீஷ் எல்லைக்காரன். இந்த ஊர்ப் பதிவுல உன் பேரு இல்ல. குத்தம் ருசுவாச்சின்னா ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோயி வுட்ருவாங்க. தூங்கலன்னு ருசு இருந்தா கொண்டா."

ஆற்றுக்கு அந்தாண்டை என்றால் நம் ஊர். அங்கே நானும் போகமுடியாது, செங்கேணியும் போகமுடியாது. அவள் தாலியறுத்தவள். அவளை நான் கட்டிக்கொண்டேன் என்பதற்காக என்னையும் அவளையும் ஊரே கூடி வெளியேற்றியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளியேற்றியவர்களில் சிலர் இதைப் படிக்கவும் கூடும். அன்று சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. "மாடு இன்னா பாவம் பண்ணுச்சி? தண்ணி காட்டிட்டு ஓட்டிக்கினு போ" என்று மட்டும் சொன்னாள். அவளே தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். மயிலையும் செவலையும் அவள் கையில் வளர்ந்த கன்றுகள். இங்கே வந்த புதிதில் அவற்றோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கூட்டு ரோடு வந்தால் போதும், இரண்டும் தெற்கே ஆற்றுப் பக்கம் திரும்பிவிடும். மூக்கணாங்கயிற்றை இழுத்து, வாலை முறுக்கித்தான் கிழக்கே பாகூர் ரோட்டுக்குக் கொண்டுவரவேண்டும். அதிலிருந்து அந்த இடம் வந்தாலே என் கை தானாகக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்.

சாட்சி தேடிக் கிளம்பினேன். எதிரே வந்த மாமாவைக் கூப்பிட வழியில்லை. என்னிடம் பேசியது தெரிந்தால் அவரையும் ஊரில் தள்ளிவைத்துவிடுவார்கள். என்னோடு கரும்பு ஏற்றும் ஏழுமலையும் அன்று எனக்குப் பின்னால் வண்டியில் வந்தவன்தான். அவனிடம் கேட்டேன். "தூங்காம எவன்டா வண்டி ஓட்றான்? உனுக்கு நான் சாட்சி சொல்ல வந்தா, நீ எப்டிடா வந்தேன்னு என்னியக் கேப்பான். நான் இன்னா சொல்றது?" என்றான். அவன் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறான். கூட்டு ரோட்டுக் கள்ளுக்கடைக்காரர் நான் போனதைப் பார்த்திருந்தார். வரவும் சம்மதித்தார். "ஆனா மூஞ்சில துண்டு கெடந்துச்சேப்பா. துண்டுக்குள்ள கண்ணு தொறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு கேட்டா நான் எப்டிச் சொல்றது?" என்றார். நாணயமான மனிதர். அந்த நாணயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கச்சேரியில் துரை வெள்ளைக்காரர், நடுவில் ஒரு துபாஷி. அம்மா செத்த சேதி கேட்டு அழுதேன் என்று சொன்னேன். துபாஷி அதை எடுத்துச் சொன்னதும் துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாய் இறந்த சேதி கேட்டவன் ஊருக்கு ஓடாமல் பாகூருக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறார்" என்றார் துபாஷி.

"போவ முடியாதுங்க. ஊர்ல சேத்துக்க மாட்டாங்க."

"ஊரில் சேர்க்காதபடி நீ என்ன குற்றம் செய்தாய்?"

"தாலியறுத்தவளக் கட்டிக்கினேங்க."

துரை உதட்டைப் பிதுக்கினார். அது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லையே என்றாராம். நானும் அதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அவரோ நான் அங்கே வேறு ஏதோ செய்துவிட்டு மறைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு மாடுகளின் நினைவு வந்தது. "என் மாடுங்க ஆத்துக்கு அந்தாண்ட பொறந்ததுங்க. கயித்த வுட்டா கூட்டு ரோட்டுல தெக்கதான் திரும்பும். அன்னிக்குப் பாகூர் பாத்து வந்துச்சுன்னா நான் முழிச்சிக்கினு இருந்தாத்தான முடியும்?" என்றேன். துரைக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாகச் சிரித்தார். குமாஸ்தாவையும் அந்தச் சிப்பாயையும் என் வண்டியோடு அனுப்பினார். எனக்கு உயிர் வந்தது. வீட்டைத் தாண்டும்போது செங்கேணி வாசலில் நின்றாள். ஒன்றும் ஆகாது என்று கையைக் காட்டிவிட்டுப் போனேன்.

கரையாம்புத்தூர் வரை போய் வண்டியைத் திருப்பினேன். கயிற்றை நுகத்தில் சுற்றிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டேன். குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் சிப்பாய் வெறுங்கையோடும் பின்னால் வந்தார்கள். எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. தெற்குப் பாதை ஆற்று மணல், திரும்பினால் சக்கரச் சத்தம் அடங்கிவிடும். பாகூர் ரோடு கப்பிக்கல். கள்ளுக்கடை வாடை வந்தது. கூட்டு ரோடு வந்துவிட்டது என்று தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மணலுக்காகக் காத்திருந்தேன். சக்கரம் கடகடவென்று கப்பிக்கல்லின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் ஒரு கணம் நிதானிக்கக்கூட இல்லை. பாகூரில் என் வாசலுக்கு வந்து, செங்கேணிக்கு எதிரில்தான் நின்றன.

குற்றம் ருசுவானது. நாங்கள் இந்த ஊரார் ஆகிவிட்டோம் என்று மாடுகள் சொன்ன சாட்சியாலேயே எங்களை இந்த ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். கரும்பு வெட்டு முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அன்று ஆத்திரத்தில் மாடுகளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "அதுங்கள ஏன் திட்ற? அதுங்க பொய்யா சொல்லிச்சிங்க?" என்று சொல்லிவிட்டுச் செங்கேணி அவற்றுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஊரில் இருப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் வேண்டி விரும்பி வரவில்லை, கொண்டுவந்து விடப்போகிறார்கள். ஆற்றங்கரையில் இறங்கி நிற்கும்போது செங்கேணியைப் பார்த்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா இருந்திருந்தால் மாட்டுக்காவது தண்ணீர் ஊற்றியிருப்பாள். இப்போது வெறும் வண்டியாகத் திரும்பும்போதெல்லாம் கூட்டு ரோட்டில் மாடுகளைத் தெற்கே திருப்பிப் பழக்குகிறேன். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன். தலை தெற்கே வருகிறது. கால்கள் பாகூரைப் பார்த்தே நிற்கின்றன.