வெளி முகவரியிலிருந்து வந்த பத்திரிகை

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகையை ஸ்கேன் செய்து பொது மெயில் முகவரிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஒரே மெயில் எல்லோருக்கும் போய்விடும். தன்னை விட்டுவிட்டார்கள் என்று யாரும் முகம் சுளிக்க முடியாது. பிறகு ஒருவர் மொய் வசூலிப்பார், இன்னொருவர் வேன் பேசுவார்.

சம்பளப் பாக்கி என்று வந்த போலி மெயிலை யாரோ திறந்துவிட, அந்த முகவரி வழியாகக் குப்பை மெயில்கள் கொட்டத் தொடங்கின. சுற்றறிக்கை வந்தது. அலுவலக மெயிலைச் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடக் கூடாது. வெளி முகவரியிலிருந்து பொது முகவரிக்கு எது வந்தாலும் நிறுத்திவைக்கப்படும். அனுப்பியவருக்கு அது தெரிவிக்கப்படாது. பொறுப்பாளர் பார்த்து வேண்டியதை விடுவிக்கலாம். ஒரு மாதம் யாரும் தொடாவிட்டால் தானாக அழிந்துவிடும். சுற்றறிக்கையைக் கோப்பில் வைத்தேன். நல்ல விதி என்றுதான் தோன்றியது.

பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார். சில வாரங்கள் யாரும் பார்க்கவில்லை. பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. முதல் நாள் நிறுத்திவைத்த மெயில்களைத் திறந்தேன்: கடன் விளம்பரம், லாட்டரிப் பரிசு, முடி வளரும் எண்ணெய். நடுவில் ஒரு மஞ்சள் பத்திரிகை. என் பக்கத்து மேசையில் இருந்து ஓய்வு பெற்றவர், மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் மண்டபம். முகூர்த்தம் முந்தைய ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்தது.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு நடமாட்டம் இல்லை. பேச்சும் குழறும் என்பதால் போனை எடுக்க மாட்டார். வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்க முடியாதவர் இந்த ஒரு மெயிலை நம்பியிருந்தார்.

அன்று மாலையே நெமிலிச்சேரியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ரயில் ஏறினேன். கதவைத் திறந்த அவர் மனைவி வழிவிடவில்லை.

"கல்யாணத்துக்கு வராத ஆளு, இப்ப இன்னாத்துக்கு தம்பி வந்துகீற?"

"அழைப்பு எங்களுக்கு வரவே இல்லக்கா."

"என் கண்ணு முன்னாலதான பொண்ணு அனுப்சிச்சு! ஆபீஸ் ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு பந்தி நிறுத்தி வெச்சாரு. சம்பந்தி ஊட்ல கேக்கறாங்கோ, 'இன்னா, உங்க ஆபீஸ் வேனு பூந்தமல்லில நிக்காம பெங்களூருக்கே பூட்ச்சா?'ன்னு. இவுரு வாசலப் பாத்துகினே குந்திகினு இருந்தாரு. ஒரு வாய் சாப்டல."

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். விதியை விளக்கினேன். யார் அனுப்பினார்கள் என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை, வெளியிலிருந்து வந்தால் நிறுத்திவிடும் என்றேன். கவனமாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"நான்... வெளியாளா, நைனா?"

"இல்லண்ணே. சொந்த மெயில்லேர்ந்து அனுப்பினீங்க, அதான்."

"ஆபீஸ் மெயிலத்தான்... ரிட்டயர் ஆன அன்னிக்கே... மூடிட்டாங்களே."



மூலையில் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்தன, எங்களுக்கென்று எடுத்து வைத்தவை. எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அந்த மெயிலையும் விடுவித்துவிடுகிறேன், நீங்கள் அழைத்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்றேன். நல்ல கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேணாம். முடிஞ்ச கல்யாணத்துக்கு... பத்திரிகை வந்தா... சிரிப்பாங்க."

அவர் மனைவி ஒரு பையை மட்டும் என்னிடம் நீட்டினார். "தேங்காய ஒடச்சிப் பாரு தம்பி. கெட்டுப் பூட்டிருந்தா கடாசிடு."

அயனம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தேன். கெட்டிருக்கவில்லை.

அலுவலகத்தில் வாயால்தான் சொன்னேன். "அடடா, தெரியாதே" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய் வரலாம் என்றார்கள். எந்த ஞாயிறு என்று முடிவாகவில்லை. தினமும் காலையில் குப்பையை நீக்கும்போது அந்தப் பத்திரிகையை மட்டும் தொடாமல் தாண்டிப் போவேன். ஒரு நாள் அது இல்லை, மாதம் முடிந்திருந்தது. கீழே புதிதாக வந்திருந்த ஒரு லாட்டரிப் பரிசு அதன் இடத்துக்கு ஏறியிருந்தது.