செம்புத் தண்ணியில் ஒரு துளை

பேய், ஆவி எண்டு கதைக்கிறவையைக் கண்டால் சிரிக்கிற ஆள் நான். கொழும்பில களுபோவிலப் பக்கம் ஒரு லாபில வேலை, விடிஞ்சால் பொழுதுபட்டால் மைக்ரோஸ்கோப்பில ரத்தம் பாக்கிறன், கண்ணால காணாத ஒண்டையும் ரிப்போர்ட்டில எழுதுறேல்லை. அதாலதான் இதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனான். நீங்களும் நம்பமாட்டீங்கள், பரவாயில்லை, கேளுங்கோ.

என்ர அண்ணா கனடாவில. போய் ஒன்பது வருஷம், பேப்பர் இன்னும் சரிவரேல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. குளிர் காலத்தில சனிக்கிழமை எண்டால் உறைஞ்ச ஏரிக்கு மேல நடந்து போய், ஐஸில வட்டமா ஒரு ஓட்டை போட்டு, வாளியைக் கவிட்டு வைச்சு அதில குந்தியிருந்து தூண்டில் போடுவார். ஸ்பிளேக் எண்டு ஒரு மீன். ரெண்டு சாதி ட்ரவுட் மீனைச் சேர்த்துப் பண்ணையில குஞ்சு பொரிக்க வைச்சு, பிறகு ஏரியில கொண்டே விடுறதாம். அங்க விடியேக்க எங்கட வெள்ளவத்தையில பின்னேரம், போனில அப்பாவுக்குக் காட்டுவார். அப்பா மருதானையில ரேடியோ திருத்தினவர், மீன் எண்டால் உயிர். "கொண்டே விட்ட இடத்தில சீவிக்குது, உன்னை மாதிரி" எண்டு பகிடி விட்டிட்டு, "உதை ஒருக்காத் திண்டு பாக்கோணுமடா" எண்டுவார். ஒவ்வொரு சனியும் இதே கதைதான். "வரேக்க கொண்டுவாறன்" எண்டு அண்ணாவும் சொல்லுவார்.

போன தை மாசம் அப்பா போயிட்டார். அண்ணா செத்தவீட்டைப் போனிலதான் பாத்தவர். கொள்ளி வைச்சது பெரியப்பாவின்ர மகன். அண்ணா அழேக்க நெட் இறுகி, ஸ்கிரீனில முகம் அப்பிடியே நிண்டுபோச்சு, அதை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைக்கிறது எங்கட வழக்கம். அது சனிக்கிழமையா வந்தது. மார்க்கெட்டில பாரை மீன் வாங்கிக் குழம்பு வைச்சு, அப்பாவின்ர அறையில இலை போட்டு, அவரின்ர செம்பில தண்ணி வைச்சு, அவர் வந்து சாப்பிடட்டும் எண்டு கதவைப் பூட்டித் திறப்பை அம்மா கையில வைச்சிருந்தவ. நாங்கள் ரெண்டு பேரும் ஹோலில. போனில அண்ணா, ஏரிக்கு மேல. வீட்டில இருக்கேலாமல், அப்பா கேட்ட மீனை இண்டைக்காவது பிடிப்பன் எண்டு விடியமுதலே போயிட்டாராம்.

பிடிச்சார். "அம்மா, இது அப்பாவுக்கு" எண்டு ஓட்டைக்குப் பக்கத்தில ஸ்னோவில வைச்சதை நான் கண்ணால கண்டனான். திரும்பிக் கையுறையை எடுத்தார், அவ்வளவுதான், மீனைக் காணேல்லை. துள்ளி ஓட்டைக்குள்ள விழுந்திட்டுது எண்டு முழங்காலில நிண்டு தேடினார். "இதையும் விட்டிட்டன், அவருக்கு ஒரு மீன் குடுக்கக்கூட என்னால ஏலாமல் போச்சு" எண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அம்மா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தா. பிறகு என்னைக் கூப்பிட்டா, அந்தக் குரல் அம்மாவின்ர குரல் மாதிரியே இல்லை.

சத்தியமாச் சொல்லுறன், எங்கட வீட்டில ஏசி இல்லை. ஃபேன்கூடப் போடேல்லை, அறை வெக்கையில அவிஞ்சுகொண்டு இருந்தது. சோறு, குழம்பு, பாரை மீன் ஒண்டிலயும் கை படேல்லை. செம்புத் தண்ணிக்கு மேல மட்டும் ஒரு தகடு ஐஸ். நடுவில வட்டமா ஒரு துளை, ஒரு விரல் போற அளவு. இலையைச் சுத்தி தண்ணித் துளிகள். அப்பா எப்பவும் சாப்பிட முதல் செம்புக்குள்ள விரலை விட்டு இலையைச் சுத்தித் தெளிப்பார். இலையின்ர இடப்பக்க ஓரத்தில முழுமீன் ஒண்டின்ர முள்ளு, வரிசையா அடுக்கி வைச்சிருந்தது. அப்பிடி அடுக்கிறது அவர் ஒராள்தான். நாங்கள் வைச்சது வெட்டின துண்டு, முழுமீன் இல்லை.

போனைக் கொண்டுபோய்க் காட்டினன். அண்ணா முள்ளுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். "ஸ்பிளேக்தான்" எண்டார். பிறகு மெல்ல, "பச்சையாயெல்லோடி சாப்பிட்டிட்டார். ஒரு உப்புக்கூடப் போடேல்லையே" எண்டார்.

சொட்டு நேரத்தில ஐஸ் கரைஞ்சுபோச்சு. லாபில வேலை செய்யிற நான் ஒரு போட்டோகூட எடுக்கேல்லை, பாருங்கோ. முள்ளை மட்டும், அண்ணா வரேக்க காட்டுவம் எண்டு, ஒரு டப்பாவில போட்டு பிரீசரில வைச்சிருக்கிறன். அண்ணா இன்னும் வரேல்லை.

ஒண்டுதான் இண்டைக்கும் எனக்குப் பயம். கரண்ட் கட் எண்டு பிரீசர் முழுக்க உருகித் தண்ணி வடிஞ்ச நாளிலயும், அந்த டப்பாவுக்குள்ள முள்ளில படிஞ்ச ஐஸ் மட்டும் உருகிறேல்லை.