என் அண்ணி நட்ட சுடுகாட்டு மல்லி

என் அண்ணி எலிஸபெத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் குறுக்கே புகுந்துவிடுவேன். மற்றவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் தைரியமாக நம்பலாம்.

என் அண்ணன் எதுவார் மில்லில் தறி ஓட்டியவன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1955 தையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சலவைக்கல் சமாதி உண்டு. எங்களுக்கு மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். அதுகூடக் குறையில்லை. மண் குழியை ஐந்து வருஷம் தொடமாட்டார்கள். அதன் பிறகு, கவனிக்க ஆளில்லை என்று பட்டால் அதையே திறந்து வேறொருவரை வைத்துவிடுவார்கள். இடம் போதாது, யாரைக் குற்றம் சொல்வது? ஆனாலும் என் அண்ணனைக் கிளறிவிட்டு அங்கே இன்னொருவரைப் படுக்க வைப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணி ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. குழியில் எந்த நாளும் பூ இருந்தால் ஆளில்லை என்று யார் சொல்லமுடியும் என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவரோ கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். ஞாயிறு பூசை முடிந்து ஒரு மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். கல்லறைத் தோட்டத்துக் கிணறோ மாசியிலேயே தரை தட்டிவிடும். வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டு எந்தப் பூச்செடி உயிரோடு இருக்கும்?

மதாம் தோட்டத்து ரோஜாப் பதியன் அடுத்த ஞாயிறே கருகிவிட்டது. மல்லிகைக் கொடி பங்குனி வெயிலில் சருகானது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அண்ணி சுற்றுச்சுவர் ஓரமாக வெகுநேரம் நடந்தார். அங்கே யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக்கொண்டிருந்தது நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பெயர். எந்த வீட்டு வாசலிலும் வைக்கமாட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! என் அண்ணனுக்கு ரோஜா வைக்க வக்கில்லாமல் சுடுகாட்டு மல்லியா வைப்பது என்று அங்கேயே சண்டை போட்டேன். அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாசல்ல வெச்சாத்தான் தப்பு. இது அந்தச் செடியோட ஊட்டு வாசல்தானே, சிமோன்?"

 சண்டையை அத்தோடு விட்டேன். எனக்கு அது அபூர்வம்.

ஐப்பசி மழையில் நாற்றுகளை நட்டார். தலைமாட்டில் கோரிமேட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்த ஆவாரை, ஓரத்தில் நாய்த்துளசி. முதல் கோடையைத் தாண்ட ஒரு வழி செய்தார். அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி அடைத்த பழைய கலயத்தை வேர்ப்பக்கம் கழுத்துவரை புதைத்து, ஞாயிறு தோறும் தெருக்குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, ஓட்டுச் சில்லால் மூடிவிடுவார். நீர் கசிந்து கசிந்து பாதி வாரம் தாங்கும். கலயம் எங்கே கிடைத்தது? கள்ளுக்கடைப் பின்பக்கம். பூசைக்குப் போன சேலையோடு, கையில் செபமாலை, இடுப்பில் கள்ளுக் கலயம்! தெருவே பார்க்கும். நான் பத்தடி பின்னால் யாரோ மாதிரி நடப்பேன். உங்க அண்ணனுக்குப் பழக்கமான கலயம்தான் என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

வாராவாரம் இப்படி ஒரு கலயம் போய்க்கொண்டிருந்தது. பழையது உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும்? எனக்குத் தேனீ என்றால் உயிர் போய்விடும். செடிகள் பூக்கத் தொடங்கியதிலிருந்து அங்கே ஒரே ரீங்காரம். ஆவாரம்பூவில் கட்டைவிரல் தடிமனுக்குக் கருவண்டு, நாய்த்துளசியில் தேனீ, சுடுகாட்டு மல்லியில் பட்டாம்பூச்சி. நான் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்று செபம் சொல்லிவிடுவேன். இரண்டாம் வருஷம் அண்ணி தண்ணீரை நிறுத்தினார். வேர் இறங்கிவிட்டது, இனிமேல் ஊற்றினால் சோம்பேறியாகிவிடும் என்றார். செடிகள் வாடவில்லை. விதை விழுந்து, எறும்பு இழுத்துப் போய், மழைக்கு மழை அந்த வரிசையே நிறைந்தது.

1960 ஆனி. பூசை முடிவில் பழைய மண் குழிகளைத் திறக்கப்போவதாக அறிவித்தார்கள். நாங்கள் பயப்படவேயில்லை. அந்தக் காந்தலில் தோட்டம் முழுக்க ஒரு பச்சை இல்லை, எங்கள் வரிசை மட்டும் பூத்துக் கிடந்தது. கையை வீசிக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியிலிருந்தே கண்ணில் பட்டது, எதுவார் தலைமாட்டில் சுண்ணாம்பு அடித்த குச்சி! அந்த வரிசை முழுக்கவே குச்சிகள், திறக்கப்போகும் குழிக்கு அடையாளம்.

கல்லறைத் தோட்டத்தைக் கவனித்துவந்தவர் முசே மொரீஸ்; எங்கள் ஊரில் முசே என்றால் ஐயா. ஓய்வுபெற்றவர், நேர்மையான மனிதர், வார்த்தை தடிக்காது. குழிவெட்டும் கலியபெருமாளோடு அங்கேதான் நின்றிருந்தார். நான் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அண்ணியிடம் திரும்பினார்.

"இது சுடுகாட்டு மல்லிம்மா. ஆள் வராத எடத்துலதான் இது மண்டும். சிலுவைகூடக் கண்ணுல படல. இந்த வெயில்ல இதுக்கு யார் தண்ணி ஊத்தியிருப்பாங்க?"

 அவர் சொன்னதில் என்ன தப்பு? சிலுவையைக் கறையான் தின்று, அது பூவுக்குள் விழுந்து கிடந்தது. ஐந்து வருஷ உழைப்பு, பார்க்கிறவர் கண்ணுக்குப் புதர். எதைக் காட்டி நட்டது என்று நிரூபிப்பது?

 அண்ணி மண்டியிட்டார். தேனீக்கள் முகத்தைச் சுற்ற, இரண்டு கையையும் செடிக்கடியில் விட்டு மண்ணைப் பறித்தார். ஒரு கலயத்தை அசைத்து அசைத்து வெளியே எடுத்து முசே மொரீஸ் காலடியில் வைத்தார்.

"செடி தானா மொளைக்கும், முசே. கள்ளுக் கலயம் தானா மொளைக்குமா?"

கலியபெருமாள் சத்தமாகச் சிரித்துவிட்டார். அண்ணி நிறுத்தவில்லை. அடுத்த குச்சிக்கு நகர்ந்தார், அங்கேயும் தோண்டினார், அங்கேயும் ஒரு கலயம். அதற்கடுத்ததிலும். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வாராவாரம் போன கலயமெல்லாம் எங்கே போயிற்று என்று. கடைசிக் குழி வரைக்கும் அவர் கை வைத்திருந்தார்.

முசே மொரீஸ் தொப்பியைக் கழற்றினார். இவர்களெல்லாம் உங்கள் சொந்தமா என்று கேட்டார்.

"பேருகூடத் தெரியாது," என்றார் அண்ணி. "ஒரு குழியில மட்டும் பூத்தா எந்தத் தேனீ தேடிக்கினு வரும்? வரிசையா பூத்தாத்தான் வரும். அப்பறம், அக்கம்பக்கத்துல இருக்கறவங்கள எழுப்பி அனுப்பிட்டா, இவருக்கு மட்டும் எப்படித் தூக்கம் வரும்?"

குச்சிகளை முசே மொரீஸே பிடுங்கினார். புதிய குழிகளுக்கு மேற்கு ஓரத்து முட்காட்டை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அந்த வேலையில் கலியபெருமாள் அண்ணியைத் திட்டிக்கொண்டே இருந்தார் என்று கேள்வி. திட்டட்டும்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று ஒரு பெண் கையில் ஒரு முழம் சாமந்தியோடு வேப்பமரத்தடியில் நின்றாள். நெய்வேலிக்கு வேலைக்குப் போனவர்களாம். இங்கே புதைத்த குழந்தையைப் பார்க்க வந்தே பல வருஷமாகிவிட்டதாம். இந்நேரம் திறந்திருப்பார்கள், இந்தப் பூவை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டாள். எந்த இடம் என்றேன். சுவர் வளைவுக்கு நேரே, வரிசையின் கடைசி என்று கைகாட்டினாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன். தேனீக்கள் காதோரம் பறந்தன. பறக்கட்டும் என்று போனேன். கடைசிக் குழியில் வெள்ளைப் பூ நிறையப் பூத்திருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்து, இத்தனை நாள் என் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டாள்.

எதுவார் குழியருகே புதுச் சிலுவைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவரைக் காட்டினேன். "எங்க அண்ணி," என்றேன்.