எங்கள் வீட்டுப் பெண்கள் எதனால் இறந்தார்கள் என்று கேட்ட அக்கா

எங்கள் அக்கா மார்பகப் புற்றுநோயால் இறந்தார். ‘சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து’ என்று போட்டால் போதும், நோயின் பெயர் வேண்டாம் என்று பெரியப்பா ஆள் அனுப்பிச் சொன்னார். அதனால் அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். நான் அக்காவின் ஒரே தங்கை. இப்படிப்பட்ட கட்டுரையில் கோபம் கூடாது என்று எனக்கும் தெரியும். மறைக்க முயன்றேன். முடியவில்லை.

அக்கா முடிச்சூரில் பிறந்தார். அங்கே அப்போது இரண்டு போகம் நெல் விளைந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே களத்தில் நெல் அடித்தவர்கள். எண்பதுகளில் வயலெல்லாம் மனைகளாக மாறியபோது பெரியப்பா மனை வியாபாரத்தில் இறங்கினார். அப்பா தம் பங்கில் ஒரு பகுதியை விற்று அக்காவை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். அக்கா செம்பாக்கம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார். ரயில்வே எழுத்தரான மாமாவை மணந்து கிழக்குத் தாம்பரத்தில் குடியேறினார். அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். என் கல்லூரிப் படிப்பும் திருமணமும் அக்கா செய்து வைத்தவை.

அக்கா சாந்தமானவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் சிவப்பு மையில் எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார். பள்ளிக்குச் செருப்பில்லாமல் வரும் பிள்ளையின் வீடு தேடிப் போய்த் தகப்பனைத் திட்டுவார். திரும்பி வரும்போது செருப்பு வாங்கி வருவார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. பால் கொடுக்காத மார்பு என்பதால்தான் அந்த நோய் வந்தது என்று நம் உறவிலேயே சிலர் பேசினீர்கள். பேசியவர்கள் இந்த வரியைப் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

கட்டி இருப்பதை அக்கா முதலில் அம்மாவிடம்தான் சொன்னார். “வலிக்கலைன்னா ஒண்ணும் இருக்காதும்மா, தானா கரைஞ்சிடும்” என்றார் அம்மா. அக்காவும் நம்பினார். கரையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த பெண் மருத்துவர், “உங்க ஃபேமிலில யாருக்காவது இது வந்திருக்கா? அம்மா வழி மட்டுமில்ல, அப்பா வழியிலயும் சொல்லுங்க” என்று கேட்டார். அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா, “எங்க வீட்ல அப்படி யாருக்கும் கிடையாதுங்க” என்றார்.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரும்பி வரும்போது மின்சார ரயிலில் அக்கா கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன. நான் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா, அப்பாவோட அக்கா எதனால செத்தாங்க?”

“நெஞ்சு நோவுன்னு சொன்னாங்க.”

“அப்பாவைப் பெத்தவங்க?”

“அவங்களுக்கும் நெஞ்சு நோவுதான்.”

“எந்த வயசுல?”

“சின்ன வயசுதான். உன் வயசு இருக்கும்.”

அக்கா எழுந்து போய்க் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறிவியல் பாடம் நடத்துகிறவருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வீட்டில், சிறு வயதில், பெண்களுக்கு மட்டும் வரும் நெஞ்சு நோவு எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை முடிந்து கை மேலே தூக்க வராத நிலையிலேயே அக்கா தேடத் தொடங்கினார். மாமா ஸ்கூட்டரில் உட்கார வைத்து அழைத்துப் போவார். இறப்புப் பதிவு பார்க்கப் போனார்கள். பாட்டிக்கும் பெரிய அத்தைக்கும் காரணம் என்ற இடத்தில் ‘ஜுரம்’ என்று இருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் எல்லாருமே ஜுரத்தில்தான் இறந்திருந்தார்கள். காகிதத்தில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன்.

பெரியப்பா தம் அறுபதாம் கல்யாணத்துக்கு நம் வம்ச வரலாறு என்று ஒரு புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டனுக்குப் பாட்டன் பெயர் வரை அதில் இருக்கும். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பது இருக்கும். அக்கா அந்தப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோயிருந்தார்.

“பெரியப்பா, இதுல ஒரு பொம்பளை பேருகூட இல்லையே. அவங்கல்லாம் எப்படிச் செத்தாங்க?”

“இப்ப இன்னாத்துக்கு அது?”

“டாக்டர் கேட்டாங்க.”

“டாக்டரு கேப்பாரு. நாளைக்கி நம்ம பொண்ணுங்கள எவன் கட்டுவான்? கல்யாணத்துக்குப் பொண்ணுங்க கீற வூடும்மா இது. இந்தப் பேச்ச இங்க பேசாத.”

“பொண்ணுங்க இருக்கிறதாலதான் பெரியப்பா பேசறேன்.”

பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.

உண்மையைச் சொன்னவர் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. கணவரோடு ஒத்துப்போகாமல், சாமிக்குத் தொண்டு செய்கிறேன் என்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பிடிவாதக்காரி, சொந்தம் வேண்டாம் என்றவள் என்றும் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். அங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் தேய்த்துத் தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தம் நோயைச் சொன்னதும் அத்தை எழுந்து கதவைச் சாத்தினார். ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினார். ஒரு பக்கம் தழும்பு மட்டும்தான் இருந்தது.

“உங்கப்பாதான் என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சி. எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் என் வூட்டுக்காரன் வேணாம்னுட்டான். பெரியண்ணன் இங்க கொண்டாந்து வெச்சிது. வெளிய சொன்னா நம்ம வூட்டுப் பொண்ணுங்கள யாரும் கட்டமாட்டாங்கன்னு உங்கப்பா கைலயும் என் கைலயும் சத்தியம் வாங்கிகிச்சி.”

“பாட்டிக்கு?”

“அதேதான். எங்க அக்காவுக்கும் அதேதான். புண்ணு ஆறாம, நாத்தம் புடிச்சி, பின்கட்டுல படுக்க வெச்சாங்க. நான் பாத்தேம்மா.”

அக்கா அழவில்லை. “எங்கப்பாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியும். இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்ற அப்பாவுக்குத் தெரியும். எங்களைப் படிக்க வைத்தார், மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டார், இதை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். அவர் படத்துக்கும் இன்று மாலை போட்டிருக்கிறோம். ஆனால் இந்த ஒன்றுக்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

சொல்லியிருந்தால் அந்தக் கட்டி தானாகக் கரையும் என்று அக்கா காத்திருந்திருக்க மாட்டார். என் கோபமெல்லாம் அந்த ஒரு காத்திருப்பின் மேல்தான்.

அதன்பின் அக்கா வீடு வீடாகப் போனார். நம் உறவில் பெண் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டையும் விடவில்லை. யார் யார் எந்த நோயில் போனார்கள் என்பதைச் சொன்னார். கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எப்படி என்று சொன்னார். பலர் வாசலோடு அனுப்பினீர்கள். ஒரு வீட்டில் அவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போனதற்கு அக்காவின் வாய்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகைகள் வருவது நின்றது. பிழை திருத்த ஒன்றும் இல்லையே என்று அக்கா சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நோய் எலும்புக்குப் பரவியது. கடைசி மாதங்களில் படுத்தபடியே பேசுவார். தம் வலியைப் பற்றிக் குறைவாகவும், இன்னும் சொல்லாத வீடுகளைப் பற்றி அதிகமாகவும் பேசினார். “நீ போய்ச் சொல்லு. அசிங்கமா நினைக்காதே” என்றார். ஒரு காலை நேரத்தில், மாமா கையைப் பிடித்திருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறைகூட ‘ஏன் இந்த வேலை’ என்று கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்த மாமாவுக்கு. கேன்டீன் வேலையை விட்டுவிட்டு வந்து, அக்காவைக் குளிப்பாட்டித் துடைத்து, கடைசிவரை உடனிருந்த அத்தைக்கு. சத்தியத்தை மீறிய அவருக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். சரியான கேள்வியைக் கேட்ட மருத்துவருக்கு. அக்காவின் வகுப்புகளைப் பகிர்ந்து எடுத்துக்கொண்ட ஆசிரியைகளுக்கு. பெரியப்பாவுக்கு நன்றி இல்லை.

தங்கள் குடும்பத்தின் கதையைத் தேட நினைப்பவர்கள் பாட்டன் வாங்கிய மரியாதையைப் பிறகு தேடிக்கொள்ளலாம். முதலில் உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் போங்கள். ஆண்கள் எதிரில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேளுங்கள். நோவு என்றால் எங்கே நோவு என்று கேளுங்கள். பிறந்த வீட்டோடு பேச்சு அறுந்துபோன பெண் யாராவது இருந்தால் அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இதன் முதல் படியில் ‘அக்காவின் பேச்சைக் கேட்டுப் பரிசோதனைக்குச் சென்ற ஓர் உறவுப் பெண்’ என்றுதான் எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை என் மேலேயே போட்டார்.

“இன்னாக்கா இது, ஓர் உறவுப் பெண்? எனக்குப் பேரு இல்லியா?”

“உன் மாமியார் வீட்ல படிப்பாங்கடி.”

“படிக்கட்டும். எனக்கு ஒரு பொண்ணு கீதுக்கா. நாளைக்கி அது தேடி அலையணுமா?”

அவர் பெயர் மல்லிகா. சித்தப்பாவின் மூத்த மகள். வீட்டுக்குத் தெரியாமல் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். நலமாக இருக்கிறார். இன்று பந்தியில் உங்கள் இலைக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருப்பவர் அவர்தான்.