கோட்டுச்சேரிக்காரனின் மிக்சிங்

எண்பதுகளில் காரைக்காலில் கல்யாண வீடியோ என்றால் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்போது வேறு ஆள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு. வீடியோ டெக்கில் எந்தப் பித்தான் எதற்கென்று இருக்கும் இடத்தை வைத்துத்தான் பழகினேன். இரண்டு டெக்கை வயரால் இணைத்து, ஒன்றில் ஓடுவதை இன்னொன்றில் ஏற்றுவேன். ஒரு காட்சி முடிந்து அடுத்தது வரும் இடத்தில் படம் வெடுக்கென்று குதிக்கும். அதை மறைக்க, எடுக்கும்போதே கேமராவைக் குத்துவிளக்குச் சுடருக்குத் திருப்பி மங்கலாக்கி நிறுத்துவேன். அடுத்ததையும் மங்கலில் தொடங்கித் தெளிய வைப்பேன். பிரான்சுப் பென்சன் வாங்கும் வீடுகளில்கூட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிரான்சுக்கு அனுப்பும் கேசட்டை அந்த ஊர் முறைக்கு மாற்றாவிட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். அதற்காக நான் மெட்ராசுக்கு ரயிலேறியது வேறு கதை.

பிறகு கோட்டுச்சேரிக்காரன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து மிக்சிங் மிஷின் வரவழைத்தான். என்னைவிடச் சின்னவன். அவன் கேசட்டில் தாலி கட்டும் படம் நாலாக உடைந்து பறக்கும், அதற்குள்ளிருந்து பந்தி வரும். மாப்பிள்ளை முகம் இதய வடிவில் சுருங்கிப் போகும். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இட்லி சாப்பிடும் கிழவரை இதயத்துக்குள் வைத்திருக்கிறானே என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்துவிட்டு அவனிடமே போனார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். குரும்பகரத்தில் என் அக்கா தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். அத்தான் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பத்திரிகை வைக்க வந்தவள், வீடியோவுக்கு அவனைச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம்.

"நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"நீ தாய்மாமன்டா. மாலை போடுறவன் கேமராவத் தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு தடவையாவது படத்துக்குள்ள நில்லு."

சரியான பேச்சுதான். ஆனால் சின்னவளும் கல்யாணத்துக்குத் தயாராக நின்றாள். இதில் அவன் சொதப்பினால் அடுத்ததாவது எனக்கு வரும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மணவறையில் மாலை போடும்போது அவன் விளக்கு என் முகத்தில் அடித்தது. "மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றான். நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

கேசட் வந்த அன்று டெக்கை ஓட்ட அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். குறை சொல்வதற்கென்றே போனேன். குறைக்குப் பஞ்சமில்லை. நாதஸ்வரம் சுழன்றது, வாழைமரம் இதயத்துக்குள் போனது, நான் மாலை போடுகிற இடத்தில் பாதியிலேயே படம் புத்தகம்போல் புரண்டுவிட்டது. அதை அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் வீட்டுக்குத் திரும்பியதும் பெண் தன் அப்பா படத்தை விழுந்து கும்பிடுகிற காட்சி. மாலை போட்ட அத்தானின் படம் திரை நிறைய நின்றது. இங்கே என்ன வேடிக்கை காட்டப் போகிறானோ என்று பார்த்தேன். எதுவும் பறக்கவில்லை. அத்தான் முகம் மெதுவாகக் கரைந்தது. அது முழுசாகப் போவதற்குள் அதே இடத்தில் பெண்ணின் முகம் ஏறி வந்தது. கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாக இருந்தன. அத்தானின் மூக்கு, அவளுடைய கண். இவள் அப்பன் ஜாடை என்று நான் அன்றுவரை கவனித்ததே இல்லை.

நானாயிருந்தால் கேமராவைச் சுடருக்குத் திருப்பியிருப்பேன்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எடுத்த எத்தனையோ கேசட்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் அழுததில்லை.

"அந்த எடத்த மறுபடி போடு தம்பி."

போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். ஓட்டி ஓட்டிப் பார்த்தால் டேப் தேய்ந்துவிடும் என்றேன்.

"தேயட்டும்."

மூன்றாவது தடவை அத்தான் முகம் கரையத் தொடங்கியபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சின்னவளுக்கும் அந்தத் தம்பியவே சொல்லிடுறேன்டா. அதுலயும் இவரு வரட்டும்."

நான் பித்தானை அழுத்தி, டேப்பைப் பின்னால் ஓட்டினேன்.