கோதண்டபாணி குறைக்காத சத்தம்

திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த தெருவில் மைக் செட் கோதண்டபாணியைத் தெரியாதவர் எவரும் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! கல்யாணமோ, காதுகுத்தோ, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதோ, எந்த வேலைக்குப் புறப்பட்டாலும் ஆம்பிளிபயரை வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். மெதுவாக ஓட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. குமிழை ஒரே திருகாகக் கடைசிவரை திருகி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று முழங்கி, ஒலிபெருக்கிக் குழாயில் கரகரப்பு இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்ட பிறகுதான் குறைப்பார். சத்தம் குறைவாக இருந்தால் கோளாறு தெரியாது என்பது அவர் கட்சி. பதினாறு வருஷமாக அந்தக் கை அப்படித்தான் திருகியது. தெருவும் பதினாறு வருஷமாகத் திட்டிக்கொண்டே பொறுத்துக்கொண்டது.

பொறுத்ததோடு நிற்கவும் இல்லை. முந்தின ஐப்பசி மழையில் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் புகுந்தபோது அவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பதறியடித்து வந்து பார்த்தால் இசைத்தட்டு ஒன்றுகூட நனையவில்லை. எதிர்வீட்டு நூர்நிஷா அத்தனையையும் தன் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்தாள். அதுவும் எதில் சுற்றி? புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்து, அவள் இன்னும் ஒருநாள்கூடக் கட்டாத புடவைகளில்.

அந்த நூர்நிஷாவின் வீட்டுப் பின்சுவரை ஒட்டி வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற பழைய மல்லாட்டை குடோன் ஒன்று இருந்தது. 1986-இல் அதை லாட்ஜ் முதலாளி சீனுவாசன் வாங்கினார். கிளப் வைக்கப்போகிறாராம். பெயர் மனமகிழ் மன்றம். உள்ளே பிராந்தி, சீட்டு, ராத்திரி ஒரு மணிவரை ரெக்கார்டு டான்ஸ். யாருடைய மனம் மகிழும் என்று தெருவில் கைக்குழந்தை வைத்திருந்த எந்தப் பெண்ணையும் அவர் கேட்கவில்லை.

கோதண்டபாணியை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார்.

"தினமும் உன் செட்டுதான் கோதண்டம். வருசம் பூரா வேலை. அப்புறம் எவன் கல்யாணத்துக்கும் நீ காத்துக்கினு இருக்கவேணாம்."

ஆடியும் தையும் போனால் மற்ற மாதங்களில் குழாய்களுக்குத் தூக்கம், வீட்டு அடுப்புக்குப் பாதித் தூக்கம். கோதண்டபாணி வேறென்ன சொல்வார்? "சரிங்க மொதலாளி" என்றார். வீடு வந்து சேரும்வரை வாய்நிறையச் சிரிப்பு. நூர்நிஷா வீட்டு வாசலைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சக்கரபாணி ஊர்வலமாகப் போகாத குறையாக வீடுவீடாக ஏறி, கிளப் வேண்டாமென்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். அந்த வாரம் முழுக்க கோதண்டபாணிக்கு வெளியூரில் வேலைமேல் வேலையாம். உண்மையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைமறைவாக இருந்த சமயத்தில் மனைவி வெள்ளையம்மாள் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணு மூஞ்சில நாளைக்கு முழிக்கவேணாமா?" என்று கேட்டாள். அவர் குழாயைத் துடைத்தார்.

தாசில்தார் விசாரணைக்கு வந்தார். சத்தம் வெளியே போகாது, வேண்டுமானால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சீனுவாசன் அடித்துச் சொன்னார். தாசில்தார் நூர்நிஷா வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பது, குடோன் கதவைச் சாத்தி உள்ளே பாட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. கதவைச் சாத்துவதற்கு முன் சீனுவாசன் கோதண்டபாணியின் காதில் சொன்னார்: "குமிழை ரெண்டுல வச்சிக்க. அதுக்கு மேல ஒரு நூல் போவக்கூடாது."

கோதண்டபாணி தலையாட்டினார். இரண்டில் வைத்தால் வருஷம் பூராச் சோறு. அந்தச் சோற்றுக்காக ஒரு வீட்டின் தூக்கத்தை எடுக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் இரண்டில் வைக்கத்தான் போனார். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் புது இடம், புது ஒயர், கையில் மைக். கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. குமிழ் கடைசிக்குப் போனது. "ஹலோ! மைக் டெஸ்டிங்! ஒன், டூ, த்ரீ!"

கதவைச் சாத்தி என்ன பயன், கூரை தகரம். குடோனே குலுங்கியது. சத்தம் ஓய்ந்த அந்த நொடியில் சுவருக்கு அந்தப்பக்கம் தூளியில் தூங்கிய நூர்நிஷாவின் குழந்தை வீறிட்டது.

"கொறைடா! கொறைடா!" என்று சீனுவாசன் இரண்டு கையாலும் காற்றை அமுக்கினார். கோதண்டபாணி குமிழைப் பார்த்தார். இசைத்தட்டைப் பார்த்தார். ஊசியை எடுத்து வைத்தார். ஒரு சினிமாப் பாட்டு, மேளதாளத்தோடு, கடைசி அடிவரை ஓடியது. கூடத்தில் தாசில்தாருக்குக் கொடுத்த காபி டபராவிலேயே தளும்பி, அவர் வேட்டியில் சிந்தியது.

கிளப்புக்கு அனுமதி இல்லை என்று பத்து நாளில் உத்தரவு வந்தது. மறுநாள் காலை தெருவே கோதண்டபாணி வாசலில் நின்றது. சக்கரபாணி கையில் ரோஜா மாலை.

"தன் பொழப்பையே தூக்கிப் போட்டு நம்மளக் காப்பாத்தின மனுசன்..." என்று அவர் ஆரம்பித்தார்.

கோதண்டபாணிக்கு உடம்பு கூசியது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"வேணாங்க. நான் வேணும்னு பண்ணல. ரெண்டுல வைக்கத்தான் போனேன். பழக்கதோசம், கை திருகிடுச்சி. மனுவுக்குப் பயந்து டீக்கடையில ஒளிஞ்சிக்கினு இருந்தவன் நானு. எனக்கு எதுக்குங்க மாலை?"

சக்கரபாணிக்கு மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெள்ளையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நூர்நிஷா முன்னால் வந்தாள்.

"கை தப்பு பண்ணது 'ஒன், டூ, த்ரீ'யோட முடிஞ்சிபோச்சிண்ணே. அப்புறம் பாட்டு முழுசா ஓடிச்சே, அது யார் ஓட்டினது?"

கோதண்டபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு நல்லதை இந்தப் பெண் பத்து நாளாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், அவளை, பிறகு தெருவை. கண்ணீர் தாரையாக வழிந்தது. அவர் கையைத் தலைக்குமேல் கூப்பியபடியே நின்றதால் சக்கரபாணி எக்கித்தான் மாலையைப் போட வேண்டியிருந்தது.